மெரூன் பழுப்பான மேடை: திருப்பூர் ராம்ப் ஷோ ஒன்றின் ஒளி அமைப்பு – நிகழ்வு ஆய்வு

இடம், திருப்பூர் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனிகள் சில சேர்ந்து பையர்களுக்காக (சரக்கு வாங்குபவர்களுக்காக) நடத்திய மாலை நேர ஷோ. 14 மாடல்கள், 42 உடைகள். போலோ, விளையாட்டு உடை, இரவு உடை, குளிர்கால ஃப்ளீஸ், கடைசியில் வெள்ளை பேசிக் டி-ஷர்ட் என்று ஐந்து சுற்று. ராம்ப் 48 அடி நீளம், 8 அடி அகலம், 2 அடி உயரம். ஃபால்ஸ் சீலிங் 16 அடி. முந்தின நாள் வளைகாப்பு முடிந்து மண்டபம் கைக்கு வந்தபோது இரவு மணி 9. மறுநாள் மாலை 6:30-க்கு ஷோ.

காலை 11 மணி ஒத்திகையில் முதல் மாடல் பாதி தூரம் வருவதற்குள், கீழே நின்றிருந்த மெர்ச்சன்டைசர் கையைத் தூக்கிவிட்டார். "அண்ணா, நிறுத்துங்க. இது நம்ம மெரூனே இல்லீங்க."

லைட்டிங் ஆபரேட்டருக்கு அது சின்ன விஷயம். மெரூன் மெரூனாகத்தான் தெரிகிறது, கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் அந்த ஒரு ஷேடுக்காக சாயப்பட்டறையில் நாலு தடவை லேப் டிப் (சாய மாதிரித் துண்டு) போட்டு, லைட் பாக்ஸில் டி65 (பகல் ஒளி), டிஎல்84 (கடை விளக்கு ஒளி) இரண்டிலும் வைத்துப் பார்த்து, கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அந்தக் கையெழுத்தைப் போட்ட பையர்தான் சாயங்காலம் முன்வரிசையில் உட்காரப்போகிறார். சினிமாப் பாட்டுக்கு ஆடும் மேடையில் நிறம் கொஞ்சம் மாறினால் யாரும் கேட்கப்போவதில்லை. பின்னலாடை ஷோவில் விற்பனைக்கு வைப்பதே நிறத்தைத்தான்.

ஷேடு ஏன் மாறியது

முன் ஒளிக்குக் கட்டியிருந்தது, கல்யாண ரிசப்ஷனுக்கெல்லாம் வரும் 54 எல்இடி, 3 வாட் பார் லைட். சிவப்பு, பச்சை, நீலம், கூடவே கொஞ்சம் வெள்ளைச் சில்லுகள். தவறு இரண்டு கட்டமாக நடந்தது. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் ஆபரேட்டர் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் முழுசாக ஏற்றி 'வெள்ளை' எடுத்தார். கண்ணுக்கு அது வெள்ளைதான். ஆனால் அந்த ஒளி மூன்று ஒல்லியான கூம்புகளால் ஆனது. 460, 525, 625 நானோமீட்டர் பக்கம் மூன்று மேடு, நடுவே 490-லும் 580-லும் பள்ளம். போலோ டி-ஷர்ட்டின் உடம்புத் துணி காட்டன் பிக்கே, அது ரியாக்டிவ் சாயத்தில் ஊறியது. காலர் காட்டன்-பாலியெஸ்டர் ரிப், அதில் பாலியெஸ்டர் பங்குக்கு டிஸ்பர்ஸ் சாயம். சாயம் வேறு என்பதால் இரண்டும் ஒளியை விழுங்கும் விதமும் வேறு. டி65-ல் ஒன்றுபோலத் தெரிந்த இந்த ஜோடி, பள்ளம் விழுந்த ஒளியில் பிரிந்து நின்றது. உடம்பு ஒரு மெரூன், காலர் ஒரு மெரூன். டையிங் மாஸ்டர்களுக்கு இது பழகிய வியாதி, மெட்டாமெரிசம். வழக்கமாகக் கடை விளக்கில் பிடிபடும், இங்கே ராம்ப்பில் பிடிபட்டது.

புகார் வந்ததும் ஆபரேட்டர் மூன்று நிறத்தையும் அணைத்து வெள்ளைச் சில்லுகளை மட்டும் ஏற்றினார். காலர் பிரச்சினை பெரும்பாலும் அடங்கியது. ஆனால் மெரூன் பழுப்பாகிவிட்டது. மலிவான கூல் வொயிட் எல்இடியில் ஆழ்ந்த சிவப்புப் பகுதி மிகக் குறைவு. விளக்குப் பெட்டியில் 'சிஆர்ஐ 80' என்று அச்சடித்திருக்கும் நிறத் துல்லிய எண்ணை நம்பி ஏமாறும் இடம் இதுதான். அந்த எண் முதல் எட்டு மாதிரி நிறங்களின் சராசரி, எட்டுமே வெளிர் நிறங்கள். ஆழ்ந்த சிவப்பு ஒன்பதாவது, ஆர்9. சராசரியில் அது சேர்வதே இல்லை. சிஆர்ஐ 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருப்பது சகஜம். வாடகைக்கு எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "சிஆர்ஐ எவ்வளவு" இல்லை, "ஆர்9 எவ்வளவு". பதில் தெரியாத கம்பெனியாக இருந்தால் ஒரு மெரூன், ஒரு நேவி, ஒரு மஸ்டர்டு துண்டு கொண்டுபோய் அவர்கள் குடோனிலேயே விளக்கடியில் பிடித்துப் பார்ப்பது உத்தமம்.

பழைய ஹாலஜன் பார் 64-ஐயே கட்டிவிடலாமா என்ற யோசனையும் வந்தது. நிறத் தொடர்ச்சியில் அதை அடிக்க இன்றைக்கும் ஆள் இல்லை. ஆனால் அதன் 3200 கெல்வின் மஞ்சள் ஒளியில் நீலம் குறைவு, நேவியும் கறுப்பும் ஒன்றாகிவிடும். இந்தத் தொகுப்பில் 42-ல் 11 உடை நேவி. தவிர, 16 விளக்குக்கு 16 கிலோவாட், அத்தனையும் கடைசியில் சூடுதான். அதை இறக்க மட்டும் நாலரை டன் ஏசி வேண்டும். 13 அடி உயரத்தில் தொங்கும் விளக்கின் கீழே பையரை உட்கார வைத்து வேக வைப்பதற்கில்லை.

கடைசியில் கோவையிலிருந்து 5600 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி), சிஆர்ஐ 95-க்கு மேல், 200 வாட் எல்இடி புரொஃபைல் (ஒளியின் ஓரத்தை வெட்டக்கூடிய விளக்கு) 16 வரவழைக்கப்பட்டன. மதியம் 1:30-க்கு வண்டி வந்தது. பார் லைட்டுகள் பின்சுவருக்கும் ராம்ப் ஓரத்துக்கும் போயின. நிறம் காட்டும் வேலைக்குத்தான் அவை ஆகாது, அலங்காரத்துக்குக் குறையொன்றுமில்லை.

வெளிச்சம், இருட்டு, வெளிச்சம்

நிறத்தைப் பார்க்கும்போதே இன்னொரு கோளாறும் வெளிப்பட்டது. மாடல் நடந்து வந்தால் முகம் டியூப் லைட் ஸ்டார்ட்டர் போன மாதிரி விட்டுவிட்டு எரிந்தது. வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரை முக உயரத்தில் பிடித்து நடந்தால் ஓரிடத்தில் 1,350, இரண்டு அடி தள்ளி 420.

கணக்கு இப்படி. சீலிங் 16 அடி என்றாலும் ட்ரஸ் (விளக்கு மாட்டும் சட்டம்), கிளாம்ப் போக விளக்கின் வாய் 13 அடியில், அதாவது 3.95 மீட்டரில் நிற்கும். மாடலின் முகம் தரையிலிருந்து 2.2 மீட்டர். இடைவெளி 1.75 மீட்டர்தான். '45 டிகிரியில் அடி' என்ற பொது விதியை அப்படியே பிடித்து ட்ரஸ்ஸை நடுக்கோட்டிலிருந்து 6 அடியில் நிறுத்திவிட்டார்கள். ஒளி பாயும் தூரம் 2.5 மீட்டர் ஆனது. 25 டிகிரி விளக்குக்கு அந்தத் தூரத்தில் வட்டம் 1.1 மீட்டர்தான் விரியும். விளக்குக்கு விளக்கு இடைவெளியோ 1.2 மீட்டர். வட்டங்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை. கோவை கொடிசியா மாதிரி உயரமான கண்காட்சிக் கூடமாக இருந்தால் இதே விளக்கு, இதே விதி சரியாக வேலை செய்திருக்கும். கல்யாண மண்டபத்தின் தாழ்ந்த சீலிங்குக்கு அது பொருந்தாது.

திருத்தம்: ட்ரஸ் நடுக்கோட்டிலிருந்து 10 அடிக்கு நகர்ந்தது. அதைவிட முக்கியம், விளக்குகள் ராம்ப்புக்குக் குறுக்கே பார்க்காமல் மாடல் வரும் வாசலை நோக்கி 45 டிகிரி திருப்பப்பட்டன. குறுக்கே அடித்தால் காதும் தோளும்தான் வெளிச்சமாகும், மூக்குக்கு நடுவே கோடு போட்ட மாதிரி நிழல் விழும். திருப்பியபின் பாயும் தூரம் 4.6 மீட்டர். 36 டிகிரி லென்ஸில் வட்டம் 3 மீட்டர். 1.8 மீட்டருக்கு ஒன்று வீதம் பக்கத்துக்கு 8 விளக்கு போதுமானது. விவரத் தாளில் 18,000 கேண்டெலா (ஒளியின் வீரியம்) என்றிருக்கும் விளக்கு 4.6 மீட்டரில் 850 லக்ஸ் தரும். சாய்வாக விழுவதால் கேமரா பார்க்கும் முகத்துக்கு அதில் 0.65 பங்கு, சுமார் 550. வலம் ஒன்று, இடம் ஒன்று சேர்ந்தால் 1,100. அளந்தபோது ராம்ப் நெடுக 1,050-க்கும் 1,300-க்கும் நடுவில் நின்றது. போட்டோகிராபர் ஐஎஸ்ஓ 1000, எஃப் 4, 1/250 வைத்துக்கொண்டு ஷோ முழுக்க மாற்றாமல் எடுக்க இது போதும். அளவு கூடக் குறைய இருந்தாலும் சமாளிப்பார்கள், நடக்க நடக்க மாறினால்தான் திட்டு விழும்.

ஒளி 22 டிகிரியில் தாழ்வாக வருவதால் எதிர்ப்பக்க முன்வரிசையின் கண்ணில் அடிக்கும். புரொஃபைல் எடுத்ததன் பாதி லாபம் இங்கே. ஷட்டரை உள்ளே தள்ளி ராம்ப் விளிம்போடு ஒளியை வெட்டிவிடலாம். 16 விளக்குக்கும் வெட்ட ஒரு மணி நேரம் பிடித்தது. தாழ்ந்த கோணத்தில் ஒரு நன்மையும் உண்டு. விளையாட்டு உடைச் சுற்றில் தொப்பி போட்டு வந்தவர்களின் கண் நிழலில் மூழ்கவில்லை.

ராம்ப் முனையில், மாடல் நின்று திரும்பும் இடத்துக்கு மட்டும் நேர் எதிரே இரண்டு விளக்கு. நேர் எதிர் விளக்கையே நம்பி ராம்ப் முழுவதையும் ஒளியூட்டப் பார்ப்பவர்கள் உண்டு. 5 மீட்டரில் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் 15 மீட்டரில் மிஞ்சும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பின்னால் எரியும் சுவர்

மாடல்கள் வரும் வாசலில் 12-க்கு 8 அடி எல்இடி திரைச் சுவர். ஆபரேட்டர் வழக்கம்போல முழு வெளிச்சத்தில் விட்டிருந்தார், 900 நிட் (பரப்பின் பளிச்சை அளக்கும் அலகு) பக்கம். 1,100 லக்ஸில் நிற்கும் வெள்ளை டி-ஷர்ட் திருப்பி அனுப்புவது 300 நிட் அளவுதான். உடையைவிடச் சுவர் மூன்று மடங்கு பளீரென்று எரிந்தால் படத்தில் மாடல் கரும்பொம்மை. 12 சதவீதத்துக்கு இறக்கி, சுவரின் வெள்ளையை 5600-க்கு ஒட்டி மாற்றிய பிறகுதான் முகம் தெரிந்தது.

இன்னொன்றை ஆண் ஆபரேட்டர்கள் சொல்லமாட்டார்கள், ஒத்திகை பார்க்கும் பெண் மெர்ச்சன்டைசர்கள்தான் சொல்வார்கள். இரவு உடைச் சுற்றின் துணி 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம்) சிங்கிள் ஜெர்சி. பின்னால் பளீரென்ற சுவர், மேலே பேக் லைட், முன்னே மங்கல் என்றால் அந்தத் துணி கண்ணாடி. குடும்பத்தோடு வந்து உட்காரும் சபை இது. அந்தச் சுற்றுக்கு மட்டும் சுவரில் கரும்பச்சைப் பின்னணி, பேக் லைட் முழுசாக அணைப்பு, மாடல்களுக்குத் தோல் நிற உள்ளாடை. 150 ஜிஎஸ்எம்முக்குக் கீழே எந்தத் துணி வந்தாலும் ஒரு கையில் துணி, அதன் பின்னே மொபைல் டார்ச் என்று பிடித்துப் பார்த்துவிட்டு ஒளித் திட்டம் போடுவது நல்லது.

செல்போனில் ஓடிய கோடுகள்

கண்ணுக்குச் சுத்தமாக இருந்த மேடை, மொபைல் வீடியோவில் கறுப்புப் பட்டையாக ஓடியது. ராம்ப் ஓரத்து பார் லைட்டுகளை 40 சதவீதத்துக்கு மங்கலாக்கியிருந்ததே காரணம். இந்த மாதிரி விளக்கில் எல்இடி மங்குவதில்லை, வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. மலிவான விளக்கில் அந்த வேகம் வினாடிக்குச் சில நூறு தடவை, வேகமான ஷட்டர் அதைப் பிடித்துவிடும். விளக்கின் மெனுவில் இந்த அணைந்து எரியும் (பிடபிள்யூஎம்) வேகத்தை ஏற்ற வழியிருந்தால் ஏற்றலாம். இங்கே இல்லை. பாதி விளக்கை அணைத்து, மீதியை முழு அளவில் எரியவிட்டு, விளக்கின் வாயில் ஒளியை மிருதுவாக்கும் ஃப்ராஸ்ட் தாள் ஒட்டியதில் பட்டை நின்றது. கோடு போட்ட ஃபீடர் ஸ்ட்ரைப் டி-ஷர்ட்டில் அலை அலையாக வரும் மொய்ரே வேறு சங்கதி. அது கேமராவின் புள்ளிக்கும் துணியின் கோட்டுக்கும் உள்ள தகராறு, விளக்கால் தீராது. போட்டோகிராபர் இரண்டடி முன்னே போகலாம், பின்னே வரலாம்.

ஷார்பிகள் (தலை அசைந்து கூர்மையாக ஒளி அடிக்கும் விளக்குகள்) நடுங்கியது டிஎம்எக்ஸ் கோளாறு, அதாவது விளக்குகளுக்குக் கட்டளை போகும் கேபிளில் சிக்கல். ஒரே வரிசையில் 36 கருவி. வரம்பு 32. போதாக்குறைக்கு நடுவில் மைக் கேபிள். ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கருவியிலும் 120 ஓம் டெர்மினேட்டர் செருகியதும் அடங்கியது.

புகையும் பொறியும்

இரவு உடைச் சுற்றுக்குத் தரையோடு தவழும் ட்ரை ஐஸ் புகை கேட்டிருந்தார்கள். 10 கிலோ ட்ரை ஐஸ், 30 லிட்டர் வெந்நீர். 3 கிலோவாட் ஹீட்டரில் அந்தத் தண்ணீர் 85 டிகிரிக்கு வர 40 நிமிடம் ஆகும். அரை மணி முன்னால் சுவிட்ச் போட்டால் புகை நோஞ்சானாக வரும், ஒத்திகையில் வந்ததும் அதுதான். அடுத்தது ஏசி. ராம்ப்பின் தலைக்கு மேல் இருந்த இரண்டு கேசட் யூனிட்டின் காற்றில் புகை அரை நிமிடத்தில் கலைந்தது, அந்தச் சுற்றுக்கு மட்டும் அவை அணைக்கப்பட்டன. மூன்றாவது, ஈரம். வெள்ளைப் பளபள வினைல் ஒட்டிய ராம்ப்பில் புகை படிந்தால் ஐந்து நிமிடத்தில் பனிபெய்த டைல்ஸ். ஹீல்ஸில் வந்த மாடலுக்கு ஒத்திகையிலேயே கால் வழுக்கியது. கடைசியில் வாசலிலிருந்து 16 அடிக்கு மேட் கார்ப்பெட் ஒட்டி, புகை அந்த எல்லைக்குள் நிற்கும்படி 4 கிலோவோடு நிறுத்திக்கொண்டார்கள். 10 கிலோ முழுவதும் ஆவியானால் ஐந்தரை கன மீட்டர் கார்பன் டை ஆக்சைடு. பெரிய ஹாலில் அது ஒன்றுமில்லை. ஆனால் கனமான வாயு, தாழ்வான இடத்தில் தேங்கும். மேடைக்கு அடியில் வயர் இழுக்க ஆள் குனிந்திருக்கும்போது புகை விடக்கூடாது. மிச்ச ட்ரை ஐஸை மூடிய காரில் எடுத்துப் போவதும் கூடாது.

கோல்ட் பைரோ, அதாவது 'குளிர்ந்த' பொறி பறக்கவிடும் மெஷின் நாலு, ஃப்ளீஸ் சுற்றின் முடிவுக்கு வைத்திருந்தார்கள். இங்கே திட்டமே தலைகீழ். 'கோல்ட்' என்பது விற்பவர் வைத்த பெயர். உள்ளே சூடாகிப் பறப்பது டைட்டானியம், சிர்கோனியம் கலந்த தூள். மேலே போய் ஆறிய பொறி கையில் பட்டால் சுடாது, வாயருகே வரும் பொறி சுடும். ஃப்ளீஸோ பிரஷ் அடித்து மயிர் எழுப்பிய துணி. காட்டனில் அப்படி எழும்பிய மயிரில் தீப்பட்டால் மேற்பரப்பு நெடுக ஒரு நொடியில் ஓடிவிடும். குழந்தைகள் இரவு உடைக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் தீப்பற்றல் விதி வைத்திருப்பது ஏற்றுமதி செய்கிறவர்களுக்குப் புதிதல்ல. அந்தச் சோதனைச் சான்றிதழை ஃபைலில் வைத்திருப்பவர்களே ஃப்ளீஸ் போட்ட பிள்ளைகளைப் பொறிக்கு நடுவே நடக்கவிடத் திட்டம் போட்டதுதான் வேடிக்கை. பொறி கடைசியில் வெள்ளை டி-ஷர்ட் சுற்றின் முடிவுக்கு மாற்றப்பட்டது. மெஷின்கள் வாசலின் இரு ஓரத்தில், மாடல்கள் எல்லோரும் ராம்ப் முனையில், நடுவே பத்து மீட்டருக்குக் குறையாத வெற்றிடம். பொறி உயரம் 2 மீட்டருக்கு மேல் வேண்டாம், சீலிங் துணி அலங்காரம் கழற்றப்பட்டது. பக்கத்தில் உலர்ந்த மணல் இரண்டு வாளி. உலோகத் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதைச் சொல்லி ஒரு ஆளையும் நிறுத்தினார்கள்.

கரண்ட்

மொத்த லோடு 28 கிலோவாட். 62.5 கேவிஏ ஜென்செட் 50 கிலோவாட் தரும், தாராளம். ஆனாலும் மதியம் 3:20-க்கு மேடை இருண்டது. குற்றவாளி இஸ்திரிப் பெட்டி. பேக் ஸ்டேஜில் உடைகளுக்கு ஸ்டீம் பிடிக்க மூன்று மேசை, தலா 2 கிலோவாட். புகை ஹீட்டர் 3, பைரோ நாலுக்கும் சேர்த்து 2.4. எல்லாம் பக்கத்தில் கண்ணில் பட்ட ஒரே போர்டில், ஒரே ஃபேஸில். 11.4 கிலோவாட், 50 ஆம்பியர். எம்சிபி சுவிட்ச் தாங்குவது 32. சில நிமிடம் தாங்கிவிட்டு விழுந்தது, லைட் கன்சோலும் அதே போர்டில்தான் இருந்தது. இஸ்திரிக்கு ஒரு ஃபேஸ், எஃபெக்டுக்கு ஒரு ஃபேஸ், முன் ஒளிக்கும் கன்சோலுக்கும் தனி ஃபேஸ், கன்சோலுக்கு யுபிஎஸ் என்று பிரித்தார்கள். மண்டபத்து வயரிங்கில் நியூட்ரல் இறுக்கமாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்ததும் அப்போதுதான். நியூட்ரல் கழன்றால் 230 வாங்கும் விளக்குக்கு 400 வரை ஏறிவிடும்.

வெள்ளைச் சுற்று

கடைசிச் சுற்றின் வெள்ளையில் ஆப்டிகல் வொயிட்னர் உண்டு. அது புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பும் சாயம். பகல் வெளிச்சத்தில் அதனால்தான் அந்த வெள்ளை 'பளிச்'. எல்இடி புரொஃபைலில் புற ஊதா அநேகமாக இல்லாததால் டி-ஷர்ட் கொஞ்சம் கிரீமாக விழுந்தது. யோசனை சொன்னவர் யாரோ, ஓரத்தில் இரண்டு யூவி பார் (புற ஊதா விளக்குப் பட்டை) வைக்கச் சொன்னார். முழுசாக ஏற்றினால் துணி நீலமாக எரிந்தது, தையல் நூல் எரியவில்லை. தோளில் ஒவ்வொரு தையலும் கறுப்புக் கோடாகத் தெரிந்தது. கறுப்பு டிராக் பேன்ட்டில் ஒட்டிய பஞ்சு நட்சத்திரமாக மின்னியது. 15 சதவீதத்துக்கு இறக்கிய பிறகு நூலும் துணியும் ஓரளவு சேர்ந்தன. முழுத் தீர்வு என்று சொல்ல முடியாது. நூலையும் துணியையும் ஒரே வொயிட்னரில் போட்டால்தான் அது சரியாகும், அது சாயப்பட்டறையின் வேலை.

நியான் பிங்க் ஸ்போர்ட்ஸ் பிரா இரண்டு கடைசிவரை மசியவில்லை. கண்ணுக்கு அழகாக இருந்தது, படத்தில் தையல், பேனல் எதுவும் தெரியாமல் ஒரே தட்டையான பிங்க். அவற்றுக்கு மட்டும் வெளிச்சத்தை 30 சதவீதம் குறைத்தும் பாதிதான் மீண்டது.

6:40-க்கு ஷோ தொடங்கியது. மாடலுக்கு மாடல் 14 வினாடி இடைவெளி. ஒளி நிறம் மாறும் கியூ எல்லாம் 3 வினாடியில் மெதுவாக மாறும் ஃபேட், சுற்றுக்கு நடுவில் மட்டும். நடக்கும்போது ஷார்பி அசையவில்லை. மண்டப வாசலில் ரிசப்ஷன் மேசை மேல் ஒரு லைட் பாக்ஸ் வைத்திருந்தார்கள். ஷோ முடிந்ததும் பையர் மெரூன் போலோவை ஹேங்கரோடு உள்ளே நுழைத்து, டி65-ல் ஒரு தடவை, டிஎல்84-ல் ஒரு தடவை சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, காலரைத் தனியாக மடித்துப் பிடித்து மறுபடியும் பார்த்தார்.